வாங்க என்று கேட்காத வீடு

ஜூலை 29, செவ்வாய்

காலையில் குழாயில் நாலு குடம் தண்ணீர்தான் வந்தது. பிறகு வெறும் காற்று. நான் வேலை பார்க்கிற சத்துணவு மையத்துக்கு வந்த முட்டையில் ஒரு அட்டை முழுக்கக் கூழ். மாற்றிக் கேட்டு போன் போட்டே பாதி நாள் போயிற்று. முட்டுவலி வேறு.

இவர் விடிந்ததும் விடியாததுமாக, ராஜபாளையத்தில் பென்சன்தாரர் சங்கக் கூட்டம் என்று காரை எடுத்துக்கொண்டு போனார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தார். வந்தவர் வாசல் வழியாக வராமல் சந்து வழியே கொல்லைக்குப் போய், தொட்டியில் நான் பிடித்து வைத்திருந்த தண்ணீரை உடுத்திய வேட்டி சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். வெக்கை தாங்கவில்லையாம். சங்கரன்கோவிலில் ஆடிக் காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது, இவருக்கு மட்டும் என்ன வெக்கையோ. நாளைக்குப் பாத்திரம் தேய்க்கத் தண்ணீர் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

ஜூலை 30, புதன்

மத்தியானம் அத்தை மகள் சரோஜா போன் செய்தாள். உசிலம்பட்டியில் சோலையப்பன் இறந்துவிட்டாராம். என் தங்கை உலகம்மாளின் வீட்டுக்காரர். திங்கள் ராத்திரி நெஞ்சுவலி, நேற்றே எல்லாம் முடிந்துவிட்டதாம். "ஒனக்குத் தெரியாதாக்கும்?" என்று இரண்டு முறை கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கூடப் பிறந்தவள் தாலி இறங்கிய செய்தியை மூன்றாம் மனுஷி சொல்லிக் கேட்கிறேன். அடுப்படியில் நின்று அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

இவர் வந்ததும் சொன்னேன். "அப்படியா" என்றார். எப்படி, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்குச் சகலை செத்தால் அவ்வளவுதான் போலிருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

தூக்கமில்லை. சோறு குழைந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மனசில் இருப்பதை இங்கே எழுதிவிட்டால் தலைபாரம் குறையுமா பார்க்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் உலகு தன் மகள் அபிராமிக்குக் கல்யாணம் வைத்தாள். மூத்தவள் நான். வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலில் என் வாசலுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? பத்திரிகை கூரியரில் வந்தது. கூரியர்க்காரன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உறையில் என் பெயரைக்கூட, வல்லியை வள்ளியாக்கி, 'செண்பகவள்ளி' என்று தப்பாக எழுதியிருந்தது. நான் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு.

இப்போது போக வேண்டும். போயே ஆக வேண்டும். அம்மா அப்பா இல்லை, அண்ணன் தம்பி கிடையாது. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருத்திதான்.

அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. துக்க வீட்டுக்கு யாரும் அழைத்துப் போவதில்லை. போனாலும் வாங்க என்று கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது. திரும்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று நாமும் சொல்லக் கூடாது. எழுந்து வந்துவிட வேண்டும். ஆகவே அவள் என் முகத்தைப் பார்த்து வாக்கா என்று சொல்லாவிட்டாலும் எனக்கு அவமானமில்லை. ஊர் வழக்கம் என்று இருந்துவிடலாம். ஆனால் மன்னித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளா, மன்னிக்காமல் சும்மா இருக்கிறாளா என்பது எனக்குத் தெரியப் போவதுமில்லை.

பதினாறாம் நாள், வருகிற பதின்மூன்றாம் தேதி புதன். அதற்குச் சொல்லிவிட்டால்தான் போகலாம். எனக்குச் சொல்லிவிடவில்லை. அது கழிந்துவிட்டால் அதுவும் எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. பிறகு அவள் கூப்பிடாமல் எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவேன்? அதற்குள் போய்விட வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம்தான்.

ஆகஸ்ட் 2, சனி

நாளைக்கு ஞாயிறு, போவோம் என்றேன். இவர் தினசரிக் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "நாளைக்கு ஆடிப் பதினெட்டு. நல்ல நாளும் அதுவுமா துக்கம் கேக்கப் போவாகளா?" என்றார். அது நியாயம்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுரண்டியதில் ஒரே ஒரு துண்டுதான் வந்தது. மின்வாரியத்தில் இவரோடு வேலை பார்த்த வேலாயுதத்தின் மனைவி போட்டுக் கொடுப்பது. அந்தப் பெண்ணும் எங்கம்மா மாதிரியே பாட்டில் வாயில் வெள்ளைத் துணி கட்டித்தான் மூடி போடுகிறாள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வாருங்கள் என்றேன்.

"இனிமே சங்கக் கூட்டத்துக்குப் போகல."

"ஏன்? மாசம் தவறாமப் போவீகளே."

"போதும். ஆசை விட்டுப்போச்சு."

பாட்டிலைக் கழுவ எடுத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாளை மறுநாள் ஆடிட். ரிஜிஸ்டர், அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய். இரண்டு நாளைக்கு லீவு என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்று பி.டி.ஓ. ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். சமையல் ஆயா வேறு வரவில்லை. நானே சாம்பாரையும் கிண்டினேன். இந்த வேலையை விட்டுவிடலாம் என்று வருஷா வருஷம் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வியாழக்கிழமை போவோமா என்று கேட்டேன். அன்றைக்கு ஆடித்தபசுத் திருவிழா. ஊரே தேரடியில் நிற்கும், தெருவிலிருந்து கார் வெளியே போகாது என்றார். சரி, நாளைக்கு ஆடிட் மத்தியானத்தோடு முடிந்தால்? நாளைக்கு வடக்கே சூலமாம். இன்றைக்குச் செவ்வாய், போதாததற்குக் கரிநாள். வெள்ளி ஆகாது. சனி ஆகாது, அன்றைக்குப் பௌர்ணமியும்கூட.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. சூலமாவது கீலமாவது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி செய்த மனுஷன் இவர். நாங்கள் பெண் பார்க்க வந்ததே ராகு காலத்தில்தான் என்று பெருமையடிப்பவர். இப்போது காலண்டரைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தபசு பார்க்கப் போகவில்லை. தெருவே போயிருந்தது. இவர் காருக்குள் உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பேட்டரி பார்க்கிறேன் என்றார். பானட் மூடித்தான் இருந்தது. சவரம் செய்து பத்து நாளாகிறது. சர்க்கரை கூடியிருக்குமோ என்னவோ. கேட்டால் எரிந்து விழுகிறார். எனக்குக் கேட்கவும் தெம்பில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடிட் இழுத்துக்கொண்டு போய் இன்றைக்குத்தான் முடிந்தது. குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். சந்தோஷப்படத் தெம்பு இல்லை.

இரவு, ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்றேன். டயர் தேய்ந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம்.

"நீங்க வர வேண்டாம். நான் பஸ்ஸுல போறேன். ராஜபாளையத்துல எறங்கி, கல்லுப்பட்டியில எறங்கி, மாறிமாறிப் போய்ச் சேருவேன். இந்தக் கால வச்சுக்கிட்டுப் போவேன். செத்தது ஒங்க சகலைதான, ஒங்களுக்கு என்ன? எனக்கு என் தங்கச்சி வேணும்."

இவர் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. அடித்துவிட்டவளைப் பார்ப்பது போல. பிறகு, "ஞாயித்துக்கெழம காலையில வெள்ளனப் பொறப்படு" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்கு வேண்டியது: தைலம், மாத்திரை, தண்ணீர், வழியில் சாப்பிட இட்லி. அவளுக்கென்று எதுவும் எடுக்கவில்லை. துக்கத்துக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டும். பழக்க தோஷத்தில் மல்லிகைப்பூ வாங்கிவிட்டுப் பூக்காரியிடமே திருப்பிக் கொடுத்தேன். திரும்பி வந்து குளிக்கத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று.

இவர் டயரை மாற்றிக்கொண்டு வந்தார். சவரம் செய்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போய் வந்தாயிற்று. குளித்தாயிற்று. எழுதக் கை வரவில்லை. நாளைக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதப் போகிறேன். மையத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். பி.டி.ஓ. ஆபீஸ் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

வெள்ளெனக் கிளம்பினோம். ராஜபாளையம் தாண்டும் வரை நான்தான் பேசினேன். அங்கே போய் நடந்துகொள்ள வேண்டிய முறையை அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். "நீங்க ஆம்பளைக பக்கம் உக்காருங்க. ஒரு மணி நேரம் போதும். எந்திரிக்கும்போது எனக்குக் கண்ணக் காட்டுங்க. மறந்துபோய்ப் போயிட்டு வர்றேன்னு சொல்லித் தொலைச்சிராதீக. ஒங்களுக்கு வாய் நிக்காது." சரி, சரி என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் கடந்து கிருஷ்ணன்கோவில் வந்தபோது எனக்குக் கால் மரத்துவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டுப் போவோம் என்றேன்.

"இங்க டீ நல்லா இருக்காது" என்றார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச தூரம் போய், வேறு வழியில்லாமல், திறந்திருந்த ஒரே கடை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கிக் காலை உதறிக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர் இவரைப் பார்த்ததும், என்ன வேண்டும் என்று கேட்காமலே சீனி இல்லாமல் இரண்டு டீ ஆற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த மாசம் தேதி தள்ளிப்போச்சு? உசிலம்பட்டி அண்ணாச்சி பின்னால வர்றாகளா?"

இவர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை. "இனிமே வர மாட்டாக" என்றார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். அடுப்புச் சூட்டைக் குறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சோலையப்பனுக்கு வைத்த டீயை நான் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"எத்தன வருசமா?"

"அபிராமி கல்யாணம் முடிஞ்ச மறுமாசத்துலருந்து."

"அப்ப சங்கக் கூட்டம்?"

"வருசத்துக்கு ஒண்ணு நடக்கும். அதுக்கும் நான் போறதில்ல."

"ஊறுகா?"

"உலகு போட்டது."

"அப்ப வேலாயுதம் பொஞ்சாதி?"

"வேலாயுதத்துக்குக் கல்யாணமே ஆகல."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் அவளும் ஆளுக்கொரு ஊரில் வைராக்கியமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் வைராக்கியமாக இருந்திருக்கிறேன். அவள் ஊறுகாய் போட்டுக் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஊறுகாயை இரண்டு கை சோற்றுக்கு ஒரு துண்டு என்று நான் நக்கித் தின்றுகொண்டு, அவளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

காதில் விழாதவர் போல ஓட்டிக்கொண்டு போய், கல்லுப்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"திருப்புதேன். ஆனா கேட்டுக்கோ. பத்திரிக வைக்க அவங்க வராததுக்குக் காரணம், சோலையப்பன் அன்னைக்குக் கால் ஒடிஞ்சு படுத்திருந்தான். கட்டோடதான் மக கல்யாணத்துல நின்னான். உலகு தனியாத் தட்டத் தூக்கிட்டு வந்தா அது முறையில்லன்னு கூரியர்ல அனுப்புனாக. கண்டிப்பா நீ போன் பண்ணிச் சண்ட போடுவ, அப்பச் சொல்லிக்கிடலாம்னு இருந்திருக்கா. நீ போனே பண்ணல."

"அதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். அந்த வீட்டுல எழவு விழுந்தாலும் வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்ட."

அப்படிச் சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

"அன்னைக்குச் செவ்வாக்கெழம," என்று ஆரம்பித்தார். "அவன் எரியும்போது பக்கத்துல நின்னேன். ஒம்பது வருசம் எங்கூட டீ குடிச்சவன். வீட்டுக்கு வந்து ஒங்கிட்டச் சொல்லி ஒரு பாட்டம் அழக்கூட முடியல. அங்க போனா எல்லாம் வெளிய வந்துரும்னுதான் நாளத் தள்ளுனேன்."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கொல்லைத் தொட்டியடியில் நனைந்துகொண்டு நின்ற இவரைத் தண்ணீர் வீணாயிற்று என்று வைதேன். செத்தது உங்கள் சகலைதானே என்று வேறு கேட்டேன். கோபம் போகவில்லை. ஆனால் அதன் மேல் இரக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு தண்ணீரை நீட்டி, "எடுங்க வண்டிய" என்றேன். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கமே எடுத்தார்.

சண்டைக்குப் பிறகு கட்டிய வீடு அது, நான் பார்த்ததில்லை. யாரிடமும் வழி கேட்காமல் ரேஷன் கடை ஓரம் திருப்பி, நேரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கேட்டருகில் ஒரு செவலை நாய் கிடந்தது. என்னைப் பார்த்து ஊரைக் கூட்டியது. இவரைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலை நக்கியது. அந்த வீட்டு நாய்க்கும் தெரிந்திருக்கிறது.

உள்ளே நாலைந்து பெண்கள் இருந்தார்கள். யாரும் வாங்க என்று கேட்கவில்லை. அபிராமி எழுந்து எனக்குப் பாய் விரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். உலகு சுவரில் சாய்ந்திருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. நான் பார்க்காமலே நரைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கவும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றுதான் வழி முழுக்க நினைத்துப் போனேன். அழுகை வரவில்லை. ஒன்பது வருஷம் ஊறுகாய் கொடுத்துவிடத் தெரிந்தவளுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லையே என்று அந்த இடத்திலும் கோபம்தான் வந்தது. இவ்வளவு நேரம் பிடித்திருக்கிறேன், ஒரு தடவை என்னைப் பாரேன்டி என்று இருந்தது.

சம்மணம் போட்ட கால் வலித்தது. அசைந்து உட்கார்ந்தேன். உலகு தலையைத் தூக்காமலே தன் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவி, என் வலது முட்டுக்கு அடியில் வைத்தாள். சரியாக வலது முட்டு. எனக்கு முட்டுவலி வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். அப்போதும் பேசவில்லை.

இவர் வாசலில் நின்று கண்ணைக் காட்டினார். எழுந்தேன். முட்டு மடங்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வாசற்படியில் வைத்தேன். அம்மா வீட்டிலிருந்து இருவரும் வேறு வேறு பஸ்ஸுக்குப் பிரிகிற காலத்தில் எப்படித் திரும்பிப் பார்த்துச் சொல்வேனோ, அப்படியே திரும்பி,

"உலகு, போயிட்டு வரட்டா" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். மூலையில் இருந்த அவர்கள் பக்கத்துப் பெரிய மனுஷி, "ஏத்தா, எழவு வீட்டுல பேசுற பேச்சா இது? இன்னொருக்க வரணும்னா வேண்டிக்கிற?" என்றாள். இவருக்கு வழி முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, நானே போய் அதைச் சொன்னேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

உலகு தலையைத் தூக்கினாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"வாக்கா" என்றாள்.

பெரிய மனுஷி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உலகு அவளைப் பார்க்கவே இல்லை.

"வரும்போது அந்தக் காலிப் பாட்டிலக் கொண்டா. ஊறுகா போட எங்கிட்ட வேற பாட்டில் இல்ல."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாட்டிலைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். வாய் கட்டுகிற துணியையும் துவைத்துப் போட்டாயிற்று. இவர் காலண்டரை எடுத்துக்கொண்டு, எப்போது புறப்படலாம் என்று நாள் பார்க்க உட்கார்ந்தார். பிடுங்கி வைத்துவிட்டேன்.